ஜூருபாசாவின் விண்ணப்பம்

கோர்ட்டில் நான் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் திருடியிருக்கிறேன். குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறேன், மாமியாரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன். இல்லவே இல்லை, அந்தப் பக்கமே நான் போகவில்லை என்று சத்தியமும் செய்திருக்கிறேன். எல்லாம் மலாயில். என் வேலை அப்படி. ஜார்ஜ் டவுனில் நான் கோர்ட் ஜூருபாசா. தமிழ் பேசுகிறவர் சொல்வதை மலாயில் மாற்றி நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். நீதிபதியும் லாயர்களும் கேட்பதைத் தமிழில் மாற்றி அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. "அவர் அடிக்கவில்லையாம்" என்று சொல்லக் கூடாது. "நான் அடிக்கவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். கூண்டில் நிற்கிறவர் 'நான்' என்றால் நானும் 'சாயா' என்பேன். மலாயில் சாயா என்றால் நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில் எனக்கு இது பெரிய கூத்தாக இருந்தது. முறுக்கிய மீசையோடு ஓர் ஆள், "என் பொண்டாட்டிய நான் கைநீட்டி அடிச்சதே இல்லீங்க" என்பார். பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணியாக நான், அதே கோபத்தோடு, என் பெண்டாட்டியை நான் கைநீட்டி அடித்ததே இல்லை என்று மலாயில் சொல்வேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே எல்லாருக்கும் அது பழக்கம். என் வாயிலிருந்து வந்தாலும் அது என் பேச்சு இல்லை என்று கோர்ட்டு நாற்காலிக்குக்கூடத் தெரியும்.

இத்தனைக்கும் எனக்கு வாய் நீளம். பள்ளிக்கூடத்திலேயே வாயாடி என்று பெயர் வாங்கினவள். பசாரில் மீன்காரரோ பஸ் டிரைவரோ யாரோடும் ஒரு வாதம் செய்யாமல் எனக்குப் பொழுது விடியாது. அப்படிப்பட்டவளைப் பிடித்து, நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தையை மட்டும் பேசு, உன் சொல் ஒன்றையும் சேர்க்காதே என்று நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நாக்கைக் கடித்துக் கடித்தே எனக்குக் காலம் போயிற்று.

நான் நிற்கும் இடத்துக்கு எதிரே லாயர்களின் மேசை. அங்கேதான் என் கண் எப்போதும் இருக்கும். அந்த மேசையில் கோப்புகள், வண்ணத் தாள் ஒட்டிய சட்டப் புத்தகங்கள், பாதி குடித்த தண்ணீர் போத்தல். கறுப்புக் கோட்டில் ஒரு பெண் எழுந்து நின்று, தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பிப்பாள். சில பேர் பிரமாதமாகக் கேட்பார்கள். எனக்கு மூச்சே நின்றுவிடும். சில பேர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். அடிப்பாவி, அந்தச் சந்தில் விளக்கு எரிந்ததா என்று கேளேன், இருட்டில் இந்த ஆள் முகத்தை எப்படிப் பார்த்தான் என்று கேளேன் என்று எனக்கு உள்ளே கிடந்து துடிக்கும். "வேறு கேள்வி இல்லை" என்று அவள் சொல்வாள். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் பேக்டரியிலிருந்து வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொள்வார். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வரைக்கும் அவர்தான் எனக்குச் சாட்சி. அன்றைய வழக்கில் கேட்காமல் விட்ட கேள்வியையெல்லாம் அவரிடம் கேட்பேன். "நீங்க அந்தக் கடைக்கு முன்னால எவ்வளவு தூரத்துல நின்னீங்க?" என்பேன். பாவம், மனிதர் நெரிசலில் ஓட்டிக்கொண்டே, "நான் கடைக்கே போகலே துவான், என்னை விட்டுடுங்க" என்பார். நீதிபதியை அழைப்பதுபோல என்னை, பெண்களை மரியாதையாக அழைக்கும் புவானை விட்டுவிட்டு, துவான் என்று அழைப்பது அவருக்கு ஒரு விளையாட்டு. நானும் விடமாட்டேன். சிவப்பு விளக்கில் கார் நின்றால் குறுக்கு விசாரணை இன்னும் சூடாகும்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம். ஆனால் சட்டையை மாற்றும்போது எனக்குள்ளே ஏதோ ஒன்று தொங்கிப்போய்விடும். காரில் பேசினதெல்லாம் காரோடு போயிற்று. அந்த மேசைக்கு இந்தப் பக்கத்திலேயே இன்னொரு நாள் முடிந்துபோயிற்று.

சட்டம் படிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்திலிருந்து இருக்கிற நினைப்பு. அப்போது ஒருமுறை அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். நான் சட்டம் கேட்டேன், அவர்கள் வனவளத் துறை கொடுத்தார்கள். வாயாடிக்கு மரத்தோடு என்ன பேச்சு என்று கோபத்தில் போகாமல் இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கலாம், அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று கோர்ட் வேலைக்குப் போனேன். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் சேர்ந்தேன்.

கோர்ட்டில் நாங்கள் அதிகம் கேட்கும் சொல் 'தங்கோ'. வழக்கை ஒத்திவைப்பதற்கு மலாயில் அதுதான் சொல். சாட்சி வரவில்லை, தங்கோ. லாயருக்குக் காய்ச்சல், தங்கோ. எழுத்து மூலமான வாதம் தயாராகவில்லை, தங்கோ. நீதிபதி காரணத்தைக் கேட்பார், நாள்காட்டியைப் புரட்டி வேறு தேதி கொடுப்பார். என் விண்ணப்பமும் அப்படியே நடந்தது. கல்யாணம் முடியட்டும். பிள்ளை பிறந்து நடக்கட்டும். வீடு வாங்கிக் குடிபோகட்டும். மாமனாருக்கு ஆப்பரேஷன் ஆகட்டும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்வார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே கேட்டேன், நானே கொடுத்துக்கொண்டேன். பகுதிநேரச் சட்டப் படிப்பு விளம்பரம் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஃபோனை என் முன்னால் நீட்டி, "என்னா, இந்த வருஷமும் தங்கோவா?" என்பார். "இப்ப வேணாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். அவர் இல்லாத ஒரு நாள்காட்டியைப் புரட்டுவதுபோல விரலை நக்கிக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒன்றிரண்டு வழக்குகளைக் கணினித் திரையில் நடத்தினார்கள். நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே கோட்டும் கீழே கைலியுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அன்றைக்கு ஒரு விவாகரத்து வழக்கு. அந்தப் பெண் தமிழில் சொன்னதை நான் மலாயில், "இந்த மனிதரோடு இனி ஒரு நாளும் என்னால் குடித்தனம் செய்ய முடியாது" என்று கொஞ்சம் கனமாகவே சொல்லிவிட்டேன். வெளியே வந்தால் என் மகள் கூடத்தில் முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயசு, மூன்றாம் படிவம். அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அவள் அப்பா, கரண்டியும் கையுமாக வந்து, "என் மேல என்ன குறை துவான்?" என்று கேட்டார்.

விஷயம் தெரிந்து மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் மகள் சாவகாசமாக, "ம்மா, ஆனா நீங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லம்மா. சூப்பரா பேசுனீங்க லா" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பல நாளைக்கு அதை நினைத்துக்கொண்டே சோறு ஆக்கினேன்.

அங்கேதான் எனக்கு வேறு ஒரு யோசனை ஆரம்பித்தது. நான் போகாவிட்டால் என்ன, இவள் போகட்டுமே. கெட்டிக்காரி, மலாயும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. அந்த மேசையில் கறுப்புக் கோட்டில் இவள் எழுந்து நிற்பதும், எதிரே நான் நின்று இவள் கேள்வியைத் தமிழில் சொல்வதுமாக ஒரு படம் மனசில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் விளம்பரத்தைக் காட்டினால், "பிள்ளை படிக்கட்டுங்க" என்று முடித்துவிடுவேன். அந்தக் காரணத்தைக் கேட்டு அவரும் ஃபோனைப் பையில் போட்டுக்கொள்வார்.

ஆறாம் படிவம் முடிந்து மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். நல்ல கூட்டம். மேசை கிடைத்து, குழம்பு கலந்து ஊற்றிய சோறும் வந்து, நான் மீன் முட்டையை அவள் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டே எந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டத் துறை எப்படி என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ம்மா, நான் லா படிக்கப் போகலம்மா" என்றாள்.

"பின்னே?"

"கடல் அறிவியல். திரெங்கானுல இருக்கு."

"கடல்ல என்ன படிப்பே?"

"நண்டு, சிப்பி, கடல் புல்லு, எல்லாம்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நண்டு படிக்கறதுக்கா உன்னை ராவும் பகலும் படிக்கவெச்சேன்? நண்டைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா பசாருக்குப் போனாப் போதாதா?" என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அவள் அழவில்லை. என் மகள் அல்லவா, வாய் அவளுக்கும் உண்டு. "சட்டம் உங்க ஆசைம்மா. நீங்க ஆசைப்பட்டதை நான் போய்ப் படிச்சா, நான் ஆசைப்பட்டதை யாரு படிப்பா? என் மகளா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்களே போங்களேம்மா. உங்கள யாரு வேணாங்கறா?"

எத்தனையோ குறுக்கு விசாரணை பார்த்தவள் நான். அதற்குமேல் சாட்சியிடம் கேட்க ஒன்றும் இல்லாத இடம் ஒன்று வரும். அங்கே வந்து நின்றேன். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். கைகழுவப் போனபோது அவள் என் தோளில் சாய்ந்து, "கோச்சிக்காதீங்கம்மா" என்றாள். கோபமில்லை என்றேன். உண்மையும் அதுதான். எனக்குக் கோபமில்லை, பயமாக இருந்தது. தள்ளிப்போட என்னிடம் இருந்த கடைசிக் காரணத்தையும் இந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாளே என்று இருந்தது.

அவளுக்குக் கேட்ட இடமே கிடைத்தது. திரெங்கானுவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அடுப்படி ஜன்னலில் நின்றால் எங்கள் தீவிலிருந்து கடல்மேல் போகும் பாலமும் அதற்கு அப்பால் பட்டர்வொர்த் கரையும் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே அதைப் பார்த்து நிற்பேன். எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இனிமேல் போய் மாணவி என்று உட்கார்ந்தால் எப்படி இருக்கும். கூடப் படிக்கிறதுகள் எல்லாம் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடும். பாஸ் பண்ணிவிட்டு, அதற்குமேல் ஒரு பரீட்சை எழுதி, அதற்குமேல் ஒரு லாயரிடம் பயிற்சி எடுத்து, அப்புறமல்லவா அந்த மேசை. பென்ஷன் வாங்கினதும் பார்த்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பென்ஷன் வாங்கினப்புறம் போனா உன்னை யாரு காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறது? எனக்கு அப்ப கண்ணு தெரியாது" என்றார். "போறதுன்னா இப்பப் போ. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. எதுன்னாலும் எனக்குச் சம்மதம். இந்த தங்கோதான் எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் அப்படிக் கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் நான் சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

அந்த மாதத்திலேயே ஒரு நாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஓர் அக்கா வந்து நின்றார். அறுபதைத் தொட்டிருப்பார். சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்து, மகளோடு இருக்கலாம் என்று தீவுக்கு வந்தவர். பக்கத்து வீட்டோடு தகராறு. அவர்கள் புதிதாகப் போட்ட வேலியை இவர் பிடுங்கி எறிந்துவிட்டார். அந்த வேலி சாக்கடையை அடைத்து, மழை பெய்தால் தண்ணீர் இவர்கள் வீட்டுக்குள்ளே வருகிறது, எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை என்று, வழக்குக்குக் கூப்பிடும் முன்பே நடைபாதையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லாயர் யாரும் வைக்கவில்லை.

குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இது புரிஞ்சுதுங்களா? குற்றத்தை ஒப்புக்கிறீங்களா, இல்ல விசாரணை கேக்கறீங்களா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பது என் வேலை.

அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டுல எது நல்லதும்மா? நான் என்னா சொல்லட்டும்?"

கூண்டில் நிற்பவர் சொல்வதெல்லாவற்றையும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துக் கேட்டாலும் சரி. எனக்கு விடை தெரியும். விசாரணை கேளுங்கள், சாக்கடை அடைத்ததைச் சொல்லுங்கள், இலவசமாக லாயர் வைத்துக் கொடுக்க வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்று நாக்கு நுனியில் நிற்கிறது. கடித்துக்கொண்டேன். நேராக மாஜிஸ்திரேட்டைப் பார்த்து மலாயில் சொன்னேன்: "இரண்டில் எது நல்லது? நான் என்ன சொல்லட்டும்?"

சொல்லும்போதே என் குரல் எனக்கே ஒரு மாதிரி கேட்டது.

மாஜிஸ்திரேட் சின்ன வயசுப் பெண், தன்மையானவர். அதைக் கோர்ட் சொல்ல முடியாது அம்மா, வேண்டுமானால் ஒத்திவைக்கிறேன், லாயரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். தமிழில் சொன்னேன். "இன்னொரு தடவ வந்து நிக்க என்னால ஆவாதும்மா. மனசு படபடங்குது. ஆமான்னே சொல்லி முடிச்சிவிடு" என்றார் அந்த அக்கா. மாஜிஸ்திரேட் திரும்பத் திரும்ப விளக்கிக் கேட்டார். அவர் மாறவில்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். சின்ன அபராதம் போட்டு முடித்தார்கள்.

நடைபாதையில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கையைப் பிடித்தார். "எனக்காக எவ்வளவு நல்லாப் பேசுனே. நல்லாயிருப்பே தாயி" என்றார்.

நான் என்னத்தைப் பேசினேன். அவருக்காக ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அவர் சொன்னதை மலாயில் சொன்னேன், அவ்வளவுதான். அதைக்கூட அவரிடம் சொல்லத் தெரியாமல், "பத்திரமாப் போய்ட்டு வாங்கக்கா" என்றேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மேசை வேண்டும். கோட்டு வேண்டாம், பெயர் வேண்டாம், நான் எழுந்து நின்று இவருக்காக ஒரு கேள்வி கேட்க வேண்டும். பசி எடுப்பதுபோல அவ்வளவு நேரடியாக இருந்தது அது.

அன்று சாயங்காலம் காரில் நான் யாரையும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சமைக்காமல், சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கிற சட்டப் படிப்பு. எங்கள் தீவிலேயே அதற்கு ஒரு படிப்பு மையம் இருக்கிறது. விண்ணப்பிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. வீட்டுக்காரர் கடையில் மீ கோரெங் வாங்கிவந்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் பழைய சான்றிதழ்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பொத்தானை அழுத்தும் நேரத்தில் எனக்குக் கை வரவில்லை. "நல்ல நேரம் பாக்கலியே, நாளைக்குக் காலையில பண்ணட்டுமா?" என்றேன்.

அவர் விரலை நக்கி, இல்லாத நாள்காட்டியை ஒருமுறை புரட்டிக் காட்டினார்.

அழுத்திவிட்டேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மகள் திரெங்கானுவிலிருந்து தினமும் ஃபோனில் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தாள். "சமுதாயத்துக்குச் சேவை செய்யப்போறேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா, எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. சட்டப் பிரிவெல்லாம் தெரியும்னு சொல்லுங்க" என்றாள். மலாயில் ஒரு பதில், ஆங்கிலத்தில் ஒரு பதில் என்று எழுதி மனப்பாடம் செய்தேன். காலையில் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். அருமையான பதில்கள். எந்தக் கேள்விக்கும் மாட்டலாம், சட்டை மாதிரி.

அன்றைக்குக் கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து கீழே காரிலேயே இருந்தார். மாடியில் ஓர் அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், ஆணும் பெண்ணும். இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி. என் இடப் பக்கம் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது, கைப்பையை அதில் வைத்தேன். வேலை, குடும்பம், மதிப்பெண் என்று அந்த மனிதர் ஏதேதோ கேட்டார். மனப்பாடம் நன்றாகவே ஓடியது. அந்தப் பெண் அதுவரைக்கும் பேசவில்லை. என் தாள்களை ஒதுக்கிவிட்டு, மலாயில், மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு ஏன் சட்டம் படிக்க வேண்டும்? ஏன் இப்போது?"

நான் இடப் பக்கம் திரும்பினேன்.

என்னை அறியாமல்தான். நாள் முழுக்க, வருஷம் முழுக்கச் செய்கிற வேலை. அந்த மேசையிலிருந்து மலாயில் கேள்வி வந்தால் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும், தமிழில் கேட்க வேண்டும், அவர் சொல்வதற்காகக் காத்திருக்க வேண்டும். திரும்பினது மட்டுமில்லை, வாயையும் திறந்துவிட்டேன். "ஏன் உங்களுக்கு," என்று தமிழில் ஆரம்பித்தும்விட்டேன். நாற்காலியில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் நான் கொண்டுவந்த கைப்பை, அவ்வளவுதான்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த நல்ல பதிலைச் சொல்லலாம் என்று தேடினேன். மலாய்ப் பதிலும் காணோம், ஆங்கிலப் பதிலும் காணோம். கேள்வி அந்தக் காலி நாற்காலியின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பதில் வரும் வரைக்கும் காத்திருப்பது எனக்குப் பழக்கம். காத்திருந்தேன். வந்தது. கூண்டில் நிற்கிறவர்கள் சொல்வதுபோலவே, தமிழில், சின்னக் குரலில் வந்தது. ஆசைங்க. ரொம்ப நாளா ஆசைங்க.

நான் நேராகத் திரும்பினேன். என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மலாயில் சொன்னேன். "சாயா" என்று ஆரம்பித்தேன். எனக்கு ஆசை, புவான், ரொம்ப நாளாக ஆசை என்றேன்.

அந்தப் பெண், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. "அவ்வளவுதான், புவான்" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். முடிவு தெரிய நாளாகும், தெரிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். இதை எழுதும் இன்று வரைக்கும் பதில் வரவில்லை. ஃபோன் கிணுகிணுத்தால் இப்போதும் ஓடிப்போய் எடுக்கிறேன்.

படியிறங்கிப் போய்க் காரில் ஏறினேன். அவர் காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "என்னா துவான், தீர்ப்பா, தங்கோவா?" என்றார்.

நாற்காலியைப் பார்த்துப் பேசின கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்புறம் என்ன சொன்னே?" என்றார். சொன்னதைச் சொன்னேன். ஆசை என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"இத்தன வருஷமா இத என்கிட்ட நீ சொன்னதே இல்லியே" என்றார்.

"யாரு கேட்டீங்க?" என்றேன். "நீங்களும் எப்பன்னுதான் கேட்டீங்க. பிள்ளையும் எப்பன்னுதான் கேட்டா. நானும் என்னை எப்ப, எப்பன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஏன்னு இன்னிக்குத்தான் ஒருத்தங்க கேட்டாங்க."

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. எங்கள் இடத்துக்காகக் காத்திருக்கிறது. அவர் கையைக் காட்டி அதைப் போகச் சொன்னார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். துவான் என்று சொல்லவில்லை.

"சரி, நான் இப்பக் கேக்கறேன். ஏன்?" என்றார். "சொல்லு. நேரம் இருக்கு."

"நான்," என்று ஆரம்பித்தேன்.